அஞ்சல் பெட்டி என்பது ஒரு கோப்பு: 1971 முதல் இன்று வரை



உங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் பணி ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் தமிழ்மொழிப் பணித்தியத்தைக் கவனித்தவர். விழா அழைப்புகள், தேர்வுத்தாள் பற்றிய கருத்துப் பரிமாற்றம், பெற்றோர் கடிதங்கள் எல்லாமே அவருடைய மேசைக் கணினியில், அவுட்லுக் மென்பொருளில் இருக்கின்றன. கணினியை மாற்ற வந்தவர், "வேண்டியதை எல்லாம் விரலியில எடுத்துட்டீங்களா?" என்று கேட்கிறார். ஆசிரியர் ஆவணக் கோப்புறையை நகலெடுத்துவிட்டார். மின்னஞ்சல்? "அது இன்டர்நெட்ல இருக்குமே!"

இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எதைப் பொறுத்து? விடை தேட, கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1. தொடக்கம்: ஒரு சாதாரணக் கோப்பு

1971-இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். முகவரியில் @ குறியை வைத்தவரும் அவரே. அவர் கையாண்ட அஞ்சல் பெட்டி எப்படி இருந்தது தெரியுமா? குறிப்பிட்ட பெயர் கொண்ட ஒரு கோப்பு, அவ்வளவுதான். மற்றவர்கள் அதன் கடைசியில் எழுத்துகளைச் சேர்க்கலாம். ஏற்கெனவே உள்ளதைப் படிக்கவோ மாற்றவோ முடியாது. சாலையோரத் தபால் பெட்டி மாதிரிதான்: உள்ளே போடலாம், கையை விட்டு எடுக்க முடியாது.

பிறகு யூனிக்ஸ் கணினிகளில் 'எம்பாக்ஸ்' என்ற வடிவம் பரவியது. எல்லாக் கடிதங்களும் ஒரே உரைக்கோப்பில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கடிதமும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும். சரி, கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி அதே சொல்லில் தொடங்கினால்? மென்பொருள் அதைப் புதுக் கடிதம் என்று தவறாக நினைத்துவிடுமே! அதற்காக அந்த வரிக்கு முன்னால் > குறியைச் சேர்த்தார்கள். இந்த எளிய வடிவத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. எந்த உரைத் தொகுப்பியில் வேண்டுமானாலும் இதைத் திறந்து பார்க்கலாம்.

2. கடிதம் வீட்டுக்கு வந்தது

1984-இல் 'பாப்' என்ற நெறிமுறை வெளியானது. தொலைபேசி வழியாக இணைய வேண்டிய காலத்தில் இது நன்றாகப் பொருந்தியது. இணைப்பைப் போடு, கடிதங்களை இறக்கு, இணைப்பைத் துண்டி, பிறகு நிதானமாகப் படி. பொதுவாக இறக்கியபின் வழங்கியிலிருந்த கடிதம் நீக்கப்பட்டுவிடும். விளைவு? உலகத்திலேயே ஒரே பிரதி, உங்கள் கணினியில்! 1988-இல் ஸ்டீவ் டோர்னர் உருவாக்கிய யூடோரா போன்ற மென்பொருள்களில் கடிதங்கள் இப்படித்தான் சேர்ந்தன.

3. இரண்டு ஜிகாபைட் சுவர்

1997-இல் அவுட்லுக் 97 வந்தது. கடிதம், நாட்காட்டி, தொடர்பு முகவரிகள் என எல்லாவற்றையும் அது ஒரே 'பி.எஸ்.டி.' கோப்பில் வைத்தது. அந்தக் கோப்பின் உச்ச அளவு 2 ஜிகாபைட். ஏன் 2? 2-இன் 31-ஆம் அடுக்கு 2,147,483,648. கோப்பின் இடங்களைக் குறிக்கும் எண் அதற்குமேல் போகாது. அன்று பல வீட்டுக் கணினிகளின் வன்தட்டே சில ஜிகாபைட்தான் என்பதால், யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

படங்களும் இணைப்புகளும் பெருத்தபோதுதான் தொல்லை தொடங்கியது. எல்லையை மீறிய கோப்பு திறக்க மறுத்தது. அதன் வால்பகுதியை வெட்டிச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் ஒரு கருவி தந்தது. வெட்டிய பகுதியில் இருந்த கடிதங்கள் போனது போனதுதான்.

இங்கே இன்னொன்றையும் கவனிங்க. நூறு கடிதங்களை அழித்தாலும் கோப்பின் அளவு உடனே குறையாது. கடிதம் இருந்த இடம் காலியாக உள்ளேயே கிடக்கும். 'சுருக்கு' கட்டளை கொடுத்தால்தான் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். தண்டர்பேர்டிலும் இதே கதைதான்.

அவுட்லுக் 2003-இல் எல்லை 20 ஜிகாபைட் ஆனது. அவுட்லுக் 2010-இல் 50.

4. தமிழ்க் கடிதங்களின் நிலை

2003-இல் மாறியது அளவு மட்டும் இல்லை. பழைய பி.எஸ்.டி. வடிவம் யூனிகோடை ஏற்காது. அந்தக் காலத் தமிழ்க் கடிதங்களில் பெரும்பாலானவை எழுத்துருவை நம்பி எழுதப்பட்டவை. உள்ளே இருந்தவை ஆங்கில, ஐரோப்பியக் குறிகள். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டியது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் வேறு வேறு குறியேற்றம். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது பற்றி 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாட்டிலும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலும் அறிஞர்கள் விவாதித்தார்கள்.

இதன் விளைவை நாம் இன்றும் பார்க்கிறோம். பழைய கோப்பு பத்திரமாக இருக்கும், திறக்கவும் செய்யும். ஆனால் அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திரையில் தெரிவது பொருளற்ற குறிகள்தான். ஆகவே பழைய தமிழ்க் கடிதங்களை வைத்திருப்பவர்கள் கோப்போடு எழுத்துருவையும் காப்பாற்ற வேண்டும். முடிந்தவரை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

5. ஆசிரியரின் கடிதங்கள் எங்கே?

இப்போது அந்த ஓய்வுபெறும் ஆசிரியரிடம் திரும்புவோம். அவர் கணக்கு 'பாப்' முறையில் இயங்கியிருந்தால், கடிதங்கள் பி.எஸ்.டி. கோப்பில் மட்டும் இருக்கக்கூடும். அவுட்லுக் 2007 வரை அந்தக் கோப்பு வழக்கமாக மறைந்த கோப்புறை ஒன்றுக்குள் இருந்தது. ஆவணக் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் அது தப்பிவிடும்!

'ஐமேப்' முறை அல்லது நிறுவன வழங்கி என்றால் நிலைமை வேறு. மூலப் பிரதி வழங்கியில் இருக்கும். கணினியில் இருப்பது ஓர் நகல். ஓ.எஸ்.டி. என்ற அந்த நகலை வேறு கணினியில் நேரடியாகத் திறக்க முடியாது. கணக்கு மூடப்பட்டால் கடிதங்களும் போய்விடும்.

எனவே செய்ய வேண்டியவை:

• அவுட்லுக்கில் கணக்கு அமைப்புகளுக்குள் 'தரவுக் கோப்புகள்' பகுதியைத் திறந்து, கோப்பு இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• அவுட்லுக்கை மூடிய பிறகே கோப்பை நகலெடுங்கள்.
• வழங்கியில் உள்ள கடிதங்களை, கணக்கு மூடப்படும் முன்னரே ஒரு பி.எஸ்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.
• ஆண்டுவாரியாகப் பிரித்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.
• நகலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தில் கடிதங்களை முதன்மைச் சான்று என்று படிக்கிறீர்கள். ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பு எப்படித் தொடங்கியது, யார் போராடினார்கள், யார் உதவினார்கள் என்பதற்கு நாளை சான்றாக நிற்கப்போவது இந்தக் கோப்புகள்தான். ஓலைச்சுவடியைக் கரையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கோப்பு அழிவது யாருக்கும் தெரியாது. இந்த வாரமே உங்கள் பள்ளியில் ஒரு முறை கேட்டுப் பாருங்க: "நம்ம கடிதங்கள் எந்தக் கோப்பில இருக்கு?"

சிந்தனைக் கேள்விகள்

1. 'பாப்' முறை அக்காலத் தொலைபேசி இணைப்புக்குப் பொருத்தமாக இருந்ததற்கான காரணத்தை விளக்குக.
2. 2 ஜிகாபைட் எல்லையால் ஏற்பட்ட விளைவுகள் இரண்டனை எழுதுக.
3. கோப்பைக் காப்பதும் எழுத்துருவைக் காப்பதும் ஏன் ஒருசேர முக்கியம்? சான்றுடன் விவாதிக்க.