பசித்த மானிடம் (புதினம்)

பசித்த மானிடம் என்பது கரிச்சான் குஞ்சு எழுதிய தமிழ்ப் புதினம் ஆகும். இது 1978 ஆம் ஆண்டு வெளிவந்தது. தஞ்சைக் காவிரிப் படுகை மாந்தரின் வாழ்க்கையைக் கூறும் இந்நூல், ஆண்களுக்கு இடையேயான பாலுறவை மறைக்காமல் எழுதிய தமிழ்ப் புதினங்களுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஆசிரியர்

கரிச்சான் குஞ்சுவின் இயற்பெயர் ஆர். நாராயணசாமி (1919–1992). இவர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், நன்னிலம் வட்டத்திலுள்ள சேதனீபுரத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. இளமையில் வேதமும் வடமொழியும் பயின்ற இவர், பின்னர் மன்னார்குடியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். கும்பகோணத்து எழுத்தாளர் கு. ப. ராஜகோபாலன் (1902–1944) "கரிச்சான்" என்ற புனைபெயரிலும் எழுதியவர். அவர் மீது கொண்ட பற்றினால் இவர் தம்மைக் "கரிச்சான் குஞ்சு" என்று அழைத்துக்கொண்டார். மோகமுள் எழுதிய தி. ஜானகிராமன் இவருடைய நண்பர். பல சிறுகதைகள் எழுதிய இவரது ஒரே புதினம் பசித்த மானிடம் ஆகும்.

கதைச் சுருக்கம்

முதன்மைப் பாத்திரமான கணேசன், தொழுநோயால் உருக்குலைந்த நிலையில், சிகிச்சைக்காகத் தன் இளமைக்கால ஊருக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்புகிறான். அவனுடைய நினைவுகளின் வழியாகக் கடந்த காலம் விரிகிறது. அழகும் அறிவும் வாய்ந்த அந்தண இளைஞனான அவனை, வயதில் மூத்த ஆண்கள் தம் இச்சைக்குப் பயன்படுத்திக்கொள்கின்றனர். அதே காலத்தில் அவன் தன் சொந்த விருப்பங்களையும் அறிந்துகொள்கிறான். தான் வளர்ந்த குலத்தின் ஒழுக்க விதிகளிலிருந்து படிப்படியாக விலகுகிறான். பொருளையும் சுகத்தையும் தேடி ஓடும் கிட்டா என்பவனின் வாழ்க்கை இதற்கு இணையாகச் சொல்லப்படுகிறது. முடிவில் கணேசன் தன்னைத் தானே ஏற்றுக்கொள்வதில் அமைதி காண்கிறான்.

கருப்பொருள்

தலைப்பிலுள்ள பசி வயிற்றுப் பசியை மட்டும் குறிப்பதன்று. காமம், பணம், அன்பு ஆகியவற்றுக்கான ஏக்கமும் அதில் அடங்கும். ஆண்பால் உறவும் இப்பசிகளுள் ஒன்றாகவே வைக்கப்படுகிறது. தனியானதொரு குற்றமாக அது பிரித்துக் காட்டப்படுவதில்லை. கணேசனின் வாழ்வில் சுரண்டலும் விருப்பமும் பின்னிக் கிடப்பதால், வாசகர் இரண்டையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது.

கணேசனின் நோயை அவனது நடத்தைக்குக் கிடைத்த தண்டனையாகப் படிக்க இடமுண்டு. எனினும், தன்னை ஏற்றுக்கொள்வதில் முடியும் கதைப்போக்கு அவ்வாசிப்புக்குத் துணை செய்வதில்லை. தொழுநோய் ஒரு வகைப் பாக்டீரியாவால் உண்டாவது. பாலுறவு ஒழுக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

தமிழில் கி. ராஜநாராயணனின் கோமதி (சிறுகதை), சு. சமுத்திரத்தின் வாடாமல்லி (புதினம்) ஆகியவையும் பாலியல் சிறுபான்மையினரைப் பற்றியவை. ஆயினும் அவை பால் அடையாளத்தை முதன்மையாகக் கொண்டவை. பசித்த மானிடமோ பால் ஈர்ப்பைப் பேசுகிறது.

சட்டப் பின்னணி

நூல் வெளிவந்தபோது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவின்படி ஆண்களுக்கு இடையேயான பாலுறவு குற்றமாக இருந்தது. வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என 2009 இல் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. பின்னர் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமே அத்தகைய உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. இத்தீர்ப்புக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, வேதம் பயின்ற ஒரு பள்ளி ஆசிரியர் இப்பொருளை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

மொழிபெயர்ப்பு

சுதா ஜி. திலக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த இந்நூல், "ஹங்ரி ஹியூமன்ஸ்" என்ற பெயரில் பென்குயின் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இதன் மூலம் தமிழறியாத வாசகருக்கும் இப்புதினம் அறிமுகமானது.