வாய்ப்பனும் மஃபினும்: ஒரு வாழைப்பழத்தின் வரலாறு

கறுத்துப்போன வாழைப்பழத்தை வீசாமல் என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு உலகின் இரண்டு மூலையில் இருந்த சனங்கள் ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டுபிடித்தார்கள். யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் பழத்தைப் பிசைந்து, கோதுமை மா, சீனி, கொஞ்சம் அப்பச்சோடா சேர்த்து எண்ணெயில் பொரித்தார்கள். அது வாய்ப்பன். அமெரிக்க வீடுகளில் அதே பழம், அதே மா, அதே சீனி, அதே சோடாவோடு முட்டையும் பட்டரும் சேர்த்து அவணுக்குள் வைத்தார்கள். அது பனானா பிரெட். அதையே சின்னக் கிண்ணங்களில் ஊற்றிச் சுட்டால் பனானா மஃபின்.

இன்று எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது மஃபின்தான். வாய்ப்பனை அம்மம்மாவோ அப்பம்மாவோ வீட்டில் இருந்தால்தான் காண்கிறார்கள். இரண்டும் ஒரே பழத்தின் பிள்ளைகள் என்பதையும், அந்தப் பழம் இந்தக் குளிர்நாட்டுக் கடைகளுக்கு வந்து சேர்ந்த பாதையில் எத்தனை பேரின் வேர்வையும் இரத்தமும் சிந்தியிருக்கின்றன என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

விதையில்லாத பழம்

காட்டு வாழையின் பழம் நிறையக் கல்லு மாதிரி விதைகள். விதையில்லாத பழம் தரும் மரங்களைத் தேடித் தேடி, அவற்றின் குட்டிகளைக் கிளப்பி நட்டவர்கள் ஆதி மனிதர்கள். நியூகினித் தீவில் குக் என்ற சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்கான தடயங்களை ஆய்வாளர்கள் கண்டெடுத்துள்ளனர். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். விதையில்லாத வாழை தானாகப் பரவாது. காற்றும் கொண்டுபோகாது, பறவையும் கொண்டுபோகாது. யாராவது ஒரு ஆள் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போனால்தான் அடுத்த ஊரில் வாழை. அப்படித்தான் அது ஆசியா முழுவதும் பரவி எங்கட மண்ணுக்கும் வந்தது. எங்கட பெரியவர்கள் ஒரு வாழையோடு நிற்கவில்லை. கதலி, இதரை, கப்பல், ஆனைவாழை, மொந்தன் என்று வளவுக்குள் வகை வகையாக வைத்தார்கள். கறிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, படையலுக்கு ஒன்று. நீர்வேலிப் பக்கம் போனவர்களுக்கு வாழைத் தோட்டம் என்றால் என்னவென்று தெரியும்.

கப்பல் ஏறிய வாழை

1870ஆம் ஆண்டில் லொரென்சோ டவ் பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் ஜமேய்க்காவிலிருந்து 160 வாழைக்குலைகளை ஏற்றிக்கொண்டு நியூயோர்க்குக்குப் பக்கத்திலுள்ள ஜேர்சி சிற்றிக்குப் போய் நல்ல லாபத்துக்கு விற்றார். அந்தக் காலத்தில் வாழைப்பழம் அமெரிக்கர்களுக்கு ஒரு அதிசயப் பண்டம். பேக்கரின் கொம்பனியும் வேறு கொம்பனிகளும் சேர்ந்து 1899இல் 'யுனைற்றட் புரூட் கொம்பனி' உருவானது. மத்திய அமெரிக்க நாடுகளில் காடு வெட்டி, ரெயில் பாதை போட்டு, குளிரூட்டிய கப்பல்கள் விட்டு, பழத்தை ஏழைகளும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால், அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

1928 நவம்பரில் கொலம்பியாவின் சாந்தா மார்த்தா பகுதி வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். என்ன கேட்டார்கள்? எழுத்தில் ஒப்பந்தம், எட்டு மணிநேர வேலை, கூப்பனுக்குப் பதிலாகக் காசாகச் சம்பளம். நானும் தொழிற்சாலையில் நிற்கிறவன் என்றபடியால் இந்தக் கோரிக்கைகளை வாசிக்கும்போது மனம் கனத்தது. இன்று எங்களுக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே கையில் தரப்படும் ஒப்பந்தக் கடிதத்தைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் முதல்வாரத்தில் சியெனாகா ஊரின் ரெயில் நிலையத்துக்கு முன்னால் கூடியிருந்த சனத்தின் மேல் இராணுவம் சுட்டது. தளபதி கோர்ட்டெஸ் வார்காஸ் 47 பேர் இறந்ததாக ஒப்புக்கொண்டார். ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகக் கொம்பனியின் பிரதிநிதியே சொன்னார் என்று அமெரிக்கத் தூதர் 1929 ஜனவரியில் தன் அரசுக்கு எழுதினார். சரியான கணக்கு இன்றுவரை இல்லை. செத்தவர்களின் எண்ணிக்கையே ஒரு சண்டையாகிப் போகும் கதை எங்களுக்குப் புதிதில்லை அல்லவா?

அடுத்தது குவாத்தமாலா. 1952இல் ஜனாதிபதி ஹக்கோபோ ஆர்பென்ஸ் நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பயிர் செய்யாமல் சும்மா கிடந்த பெரிய காணிகளை எடுத்துக் காணியில்லாதவர்களுக்குக் கொடுப்பது திட்டம். வரி கட்டுவதற்காகக் கொம்பனி தானே காட்டிய பெறுமதியைத்தான் அரசு நட்டஈடாகக் கொடுக்க முன்வந்தது. கொம்பனிக்காக அமெரிக்க அரசு கேட்டதோ 1 கோடி 58 இலட்சம் டொலர்! 1954 யூனில் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.யின் ஏற்பாட்டில் ஆர்பென்ஸ் பதவி இறக்கப்பட்டார். பின்பு 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ போனார்கள். பெரும்பாலானோர் மாயா பழங்குடி மக்கள். 1980களின் தொடக்கத்தில் பல்லாயிரம் பேர் எல்லை கடந்து மெக்சிக்கோவில் அகதி முகாம்களில் இருந்தார்கள். 1983இல் நாங்கள் கப்பலேறின அதே காலத்தில், உலகின் மறுபக்கத்தில் இன்னொரு சனமும் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தது.

மஃபின் எப்படி வந்தது?

இங்கிலாந்தின் பழைய மஃபின் வேறு. அது ஈஸ்ற் போட்டுப் புளிக்கவைத்துத் தட்டில் சுடும் தட்டையான பாண். லண்டன் தெருக்களில் மணியடித்து விற்றார்கள். இன்று நாங்கள் சொல்லும் கேக் மாதிரியான மஃபின் பிறப்பதற்குச் சோடா வரவேண்டியிருந்தது. மனைவிக்கு ஈஸ்ற் ஒத்துவராத காரணத்தால் பேர்மிங்காம் நகர மருந்துக்கடைக்காரர் அல்பிரட் பேர்ட் 1843இல் ஒரு பேக்கிங் பவுடரைச் செய்தார். 1846இல் அமெரிக்காவில் சேர்ச், டுவைற் என்ற இருவர் அப்பச்சோடாவைப் பைக்கற்றில் விற்கத் தொடங்கினார்கள். அதன்பிறகு மணித்தியாலக் கணக்கில் மாப் புளிக்கக் காத்திருக்கத் தேவையில்லை.

1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் விழுந்தது. சனத்திடம் காசில்லை. ஒரு பழத்தையும் வீச மனம் வராத அந்தக் காலத்தில்தான் பனானா பிரெட் செய்முறைகள் சமையல் புத்தகங்களில் பரவலாக ஏறின. 1933இல் பில்ஸ்பரி மா கொம்பனியின் புத்தகத்திலும் அது வந்தது. ஆகவே இது பணக்காரப் பலகாரம் இல்லை, பஞ்சகாலப் பலகாரம்.

பழமே கிடைக்காத பஞ்சமும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல்களைப் போர்த் தேவைக்கு எடுத்ததால் 1940 நவம்பரில் பிரித்தானியா வாழைப்பழ இறக்குமதியை நிறுத்தியது. சனங்கள் பார்ஸ்னிப் கிழங்கை அவித்து, வாழைப்பழ வாசனை விட்டு, பிள்ளைகளை ஏமாற்றினார்கள். 1945 டிசம்பர் கடைசியில்தான் பிரிஸ்ரலுக்குப் பக்கத்திலுள்ள ஏவன்மவுத் துறைமுகத்துக்கு முதல் கப்பல் வந்தது. எங்கட சனத்துக்கு இது விளங்கும். 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்கில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பசளை இல்லை, பற்றரி இல்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் தோட்டம் துரவை அப்படியே விட்டுவிட்டு நடந்தது. பழம் இருந்தும் பறிக்க ஆளில்லாத நிலை!

ஒரே வாழை என்ற ஆபத்து

கொம்பனிகள் நட்டது 'குரோ மிஷேல்' என்ற ஒரே இனம். 'பனாமா நோய்' என்னும் பூஞ்சை அதைத் தோட்டம் தோட்டமாக அழித்து, 1960களில் ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே துரத்திவிட்டது. அந்த இடத்துக்கு வந்தது 'கவென்டிஷ்'. நாங்கள் கடையில் வாங்கும் மஞ்சள் பழம் அதுதான். இதன் பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1830களில் டெர்பிஷயரிலுள்ள சட்ஸ்வேர்த் மாளிகையில், கவென்டிஷ் குடும்பத்துப் பிரபுவின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்ரன், மொரிசியசிலிருந்து வந்த கன்றைக் கண்ணாடி வீட்டில் வளர்த்துக் காய்க்க வைத்தார். இப்போது அதே நோயின் புதிய வகை கவென்டிஷையும் தாக்குகிறது. 2019இல் அது கொலம்பியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடக்கும் அந்தப் பூஞ்சைக்கு மருந்தில்லை.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஒரு நோய் போதும். பல வகை இருந்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும். எங்கட அப்பாச்சிமாரின் வளவு விஞ்ஞானம் இதுதான்.

வீட்டில் செய்ய

நன்றாகக் கறுத்த 3 பழம் எடுங்கோ. பழுக்கப் பழுக்க மாப்பொருள் சீனியாக மாறுவதால் கறுத்த பழம்தான் இனிப்பு. பிசைந்து, உருக்கிய பட்டர் 75 கிராம், சீனி 120 கிராம், முட்டை ஒன்று சேருங்கோ. கோதுமை மா 190 கிராம், அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போட்டு மெல்லமாகக் கலவுங்கோ. கனக்கக் கலந்தால் இறுகிப்போகும். பழத்திலுள்ள புளிப்புத்தன்மையோடு சோடா சேர்ந்து வாயு வெளிவர, மா பொங்கும். 180 பாகையில் 20 நிமிடம். பன்னிரண்டு மஃபின் வரும்.

மிச்சப் பழத்தில் முட்டையும் பட்டரும் இல்லாமல் நாலு வாய்ப்பனும் பொரியுங்கோ. இரண்டையும் பிள்ளைகளுக்கு ஒரே தட்டில் வைத்து, எது எந்த ஊர், யார் நட்ட பழம் என்று சொல்லிக் கொடுங்கோ. வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த வாழைகளின் பெயர்களைக் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவியுங்கோ. குட்டியைக் கொண்டுவர எங்களால் முடியவில்லை, பெயரையாவது கொண்டுவருவோம்.