48 மடைக் கண்மாயும் ஊர்ப் பணமும்

பூங்காவோ குளமோ, முன்னோர் விட்டுச்சென்ற பொது இடத்தைப் பராமரிக்கப் பணத்துக்கு எங்கே போவது?

திருவாடானைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய். 'நாரை பறக்காத 48 மடை' என்று பெயர் பெற்றது. மழையை நம்பி நெல் போடும் இந்தச் சீமையில் கண்மாய் தூர்ந்தால் விளைச்சல் போச்சு.

இதற்குச் சோழர் காலத்திலேயே வழி இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் (கி.பி. 921) ஏரி வாரியம் என்று தனிக் குழுவே உண்டு. ஏரிக்கென்று ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி. அதன் வருமானம் ஏரிப் பராமரிப்புக்கே. ஊரார் கூடி மண் வெட்டும் வழக்கம் குடிமராமத்து. 1858-ல் ஆங்கிலேயர் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினார்கள். 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் கொண்டுவந்தபோது 10 சதவீதம் விவசாயிகளின் பங்கு.

ஒருமுறை வசூலித்துத் தூர்வாரினால் சில வருடம் தாங்கும். கண்மாய்க்கென்று நிலையான வருமானம் இருந்தால்தான் தலைமுறைக்கும் தாங்கும். உங்கள் ஊரில் எப்படி?