அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ. எம்.ஜி.ஆர்.

எம்.ஜி.ஆர். முதல்வரான கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா முதல்முறை முதல்வரானபோது அவர் எந்தத் தொகுதி எம்.எல்.ஏ.ன்னு கேட்டா, நிறையப் பேர் கொஞ்சம் யோசிப்பாங்க. ஆண்டிபட்டியா, மதுரையா? ரெண்டும் இல்லை, அருப்புக்கோட்டை. அந்தத் தொகுதிக்கும் அவருக்கும் இருந்த உறவைத்தான் இந்த எபிசோடில் பார்க்கப் போறோம்.

முதல்ல ஊரைப் பார்த்துடலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. திருச்சுழி வழியாகக் குண்டாறு போகிறது, ஆனா மழை பெய்தால்தான் அதில் தண்ணீர். மற்றபடி கண்மாய்தான் கதி. கரிசலில் பருத்தி, மிளகாய், கம்பு. டவுனுக்குள்ளே நெசவு. அன்றைக்கு இதெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. வேடிக்கை என்னன்னா, அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில். மனு கொடுக்கணும்னா பஸ் ஏறி அடுத்த ஜில்லாவுக்குப் போகணும்.

இப்படிப்பட்ட வறண்ட பகுதிக்கு முதல்வர்கள் புதிதில்லை. 1949 முதல் 1952 வரை மதராஸ் ஆட்சியை நடத்திய குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். 1952 தேர்தலில் சொந்த வட்டாரமே அவரைத் தோற்கடித்தது. அடுத்து காமராஜர். 1957லும் 1962லும் பக்கத்துச் சாத்தூர்தான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1967ல் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். பெ.சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

அதே 1967ல்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனார். ஜனவரி 12ஆம் தேதி சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பரங்கிமலைத் தொகுதிக்குப் போகாமலே ஜெயித்தார். கழுத்தில் கட்டோடு இருந்த அவருடைய போட்டோ போஸ்டராகத் தமிழ்நாடு முழுக்கப் போனது. 1971லும் அதே பரங்கிமலை. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். அடுத்த வருஷமே திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்தார். இரட்டை இலைக்குத் தெற்கில் எவ்வளவு பிடிப்பு இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

அதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். நின்ற தொகுதிகளைக் கவனிங்க. 1977ல் அருப்புக்கோட்டை, 1980ல் மதுரை மேற்கு, 1984ல் ஆண்டிபட்டி. மூன்றுமே மதுரையும் அதைச் சுற்றிய சீமையும்தான். சென்னையில் வீடு, சென்னையில் ஸ்டூடியோ. ஓட்டு கேட்க மட்டும் தெற்கே வந்தார்.

1977 ஜூன் தேர்தலில் நான்கு முனைப் போட்டி: அ.தி.மு.க., தி.மு.க., காங்கிரஸ், ஜனதா. 234 இடங்களில் அ.தி.மு.க. மட்டும் 130 பிடித்தது. தி.மு.க.வுக்கு 48. கையில் இருந்த படப்பிடிப்பை முடித்துக்கொடுத்துவிட்டு ஜூன் 30 அன்று எம்.ஜி.ஆர். பதவியேற்றார். அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ. முதலமைச்சர்!

ஆனா அந்தப் பெருமை அஞ்சு வருஷம் நீடிக்கலை. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்தது ரெண்டே இடம்: கோபிசெட்டிபாளையமும் பக்கத்துச் சிவகாசியும். அவ்வளவு பெரிய அடியிலும் இந்தக் கரிசல் வட்டாரத்தில் இலை நின்றது. பிப்ரவரி 17 அன்று மத்திய அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் அவர் மதுரை மேற்குக்குப் போய்விட்டார். அருப்புக்கோட்டைக்கு அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தது மூன்று வருஷம்கூட இல்லை.

ஊர் கோபித்துக்கொண்டதா? இல்லை. 1980லும் 1984லும் அதே கட்சியின் மு.பிச்சையை ஜெயிக்கவைத்தது. குமாரசாமி ராஜாவையும் காமராஜரையும் தோற்கடித்த சீமை எம்.ஜி.ஆரைத் தோற்கடிக்கவில்லை. இவர்களுக்கு அவர்மேல் இருந்த பாசம் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லணும்: முதல்வராக இருந்து என்ன செய்தீங்கன்னு கேட்டு ஓட்டுப் போடும் வாய்ப்பை அவர் இந்த ஊருக்குக் கொடுக்கவே இல்லை. சாத்தூரும் விருதுநகரும் காமராஜரை எடைபோட்ட மாதிரி அருப்புக்கோட்டை எம்.ஜி.ஆரை எடைபோட முடியலை.

அப்போ அவரால் இந்த மண்ணுக்கு எதுவுமே கிடைக்கலையா? கிடைத்தது, ஆனா தொகுதி எம்.எல்.ஏ. என்ற முறையில் இல்லை. 1982ல் வந்த சத்துணவு எல்லா ஊர்ப் பள்ளிக்கும் வந்ததுபோல இங்கேயும் வந்தது. காமராஜரின் மதிய உணவை விரிவாக்கிய திட்டம் அது. 1985ல் அவருடைய அரசு ராமநாதபுரம் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த மாவட்டத்துக்குக் காமராஜர் பெயரே வைக்கப்பட்டது; இன்றைய விருதுநகர் மாவட்டம் அதுதான். கலெக்டரைப் பார்க்க மதுரைக்குப் போகும் அலைச்சல் அதோடு தீர்ந்தது.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். 1989ல் அருப்புக்கோட்டை இந்தப் பக்கத்து மல்லாங்கிணறைச் சேர்ந்த தி.மு.க.வின் வே.தங்கபாண்டியனைத் தேர்ந்தெடுத்தது. 1996லும் அவர்தான். அவர் மறைவுக்குப் பின் 1998 இடைத்தேர்தலில் மகன் தங்கம் தென்னரசு வந்தார். இவர்களை வீட்டு வாசலில் போய்ப் பார்க்கலாம், கண்மாய் மடை சரியில்லைன்னு சண்டை போடலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கவும் செய்யலாம்.

முதல்வரே நம்ம எம்.எல்.ஏ. என்பது பெருமைதான். ஆனா மழை பொய்த்த வருஷத்தில், திட்டுவதற்காவது பக்கத்தில் ஒரு ஆள் வேணும் இல்லையா?