இடியன் முதல் றைபிள் வரை: வெடிமருந்தளவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையில் வேளாண்மை செய்வோருக்குப் பன்றியும் யானையும் நெடுங்காலப் பகையாகும். பரணும் தீப்பந்தமும் போதாதவிடத்து அவர்கள் நாடிய கருவிகளுள் ஒன்று ‘இடியன்’ துவக்கு. குழலின் வாய்வழியே கரிமருந்தை இட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடும் முறையை அதன் பெயரே உணர்த்தும். இப்பிரதேசத்துக்கு வெடிமருந்து புதியதன்று. 1638 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூடிப் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர்.

இடியனில் மருந்தின் அளவைத் தீர்மானிப்பவன் சுடுபவனே. அளவு குறையின் விலங்கு காயத்தோடு தப்பும். மிகின் குழலே வெடித்துக் கையையும் கண்ணையும் பறிக்கும். இவ்விரண்டுக்கும் இடையில், தோளில் படும் உதைப்பைத் தவிர வேறு எச்சரிக்கையை அத்துவக்குத் தருவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய பித்தளைத் தோட்டா இந்நிலையை மாற்றியது. மருந்தளவு தொழிற்சாலையின் பொறுப்பாயிற்று. சுடும்போது பித்தளைக் கோது விரிந்து, துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாது தடுக்கிறது. அழுக்கம் தணிந்ததும் மீள்தன்மையால் சுருங்குகிறது. போல்ற்றின் கைபிடியை உயர்த்துகையில் அதன் சரிவான விளிம்பு கோதைச் சற்றே தளர்த்துகிறது. அழுக்கம் அளவு கடந்தாலோ கோது சுருங்கும் ஆற்றலை இழந்து அறையினுள் இறுகிவிடும். கைபிடியும் எளிதில் உயராது. இடியன் தராத எச்சரிக்கையை இங்கே கோது தருகிறது எனலாம்.

இவ்வெச்சரிக்கைக்கு மனிதர் கொடுத்த விலை பெரிது. 1885 இல் சூடானின் அபு கிளியாப் போரில், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த தோட்டாக்கள் மார்ட்டினி-ஹென்றித் துவக்குகளில் சிக்கிக்கொண்டன. 1915 ஏப்பிரலில் பெல்ஜியத்தின் ஈப்ரில், கனேடியப் படையினரின் றொஸ் றைபிள்கள் போர்க்களத்திலேயே இறுகின. அவற்றின் அறை நெருக்கமானது. பிரித்தானியத் தோட்டாக்களோ அளவில் சீரற்றவை. போல்ற்றைச் சப்பாத்தால் உதைத்துத் திறக்க நேர்ந்தது. வீழ்ந்தவரின் லீ-என்பீல்ட் துவக்குகளைப் பலர் எடுத்துக்கொண்டனர். 1916 இல் றொஸ் முன்னணிப் படையினரிடமிருந்து நீக்கப்பட்டது. கோடைற் என்னும் புகையற்ற மருந்து வெப்பத்தில் கூடிய அழுக்கம் தருவதும் அறியப்பட்டது. அதனாலேயே இந்தியா, ஆபிரிக்கா போன்ற வெப்ப நாடுகளுக்கெனக் குறைந்த அழுக்கமுடைய பெரிய தோட்டாக்கள் உருவாயின.

சுட்ட கோதை மீண்டும் நிரப்பும் வழக்கம் மேனாட்டு வேட்டைக்காரரிடையே பரவியபோது, மருந்தளவு மறுபடியும் தனிமனிதன் கைக்கு வந்தது. அத்தகைய தோட்டாவால் போல்ற் இறுகுமாயின் காரணத்தைப் படிமுறையாகவே ஆராய்தல் வேண்டும். தொழிற்சாலைத் தோட்டாவும் இறுகுமாயின் குறை துவக்கினது. அறையில் அழுக்கோ துருவோ சொரசொரப்போ இருத்தல் கூடும். கைநிரப்புத் தோட்டா மட்டும், சுடுமுன்னரே, மூடும்போதும் திறக்கும்போதும் இறுகுமாயின் குறை கோதின் அளவினது. அது உரிய வடிவுக்குச் சுருக்கப்படவில்லை, அல்லது கழுத்து நீண்டுவிட்டது. எளிதாய் மூடி, சுட்டபின் மட்டும் இறுகுமாயின் பெரும்பாலும் மிகை அழுக்கமே காரணமாகும். கேப்பு தட்டையாதலும் கோதின் அடியில் பளபளப்பான தழும்பு தோன்றலும் அதற்குச் சான்று. வடக்கின் குளிரில் பொருந்திய அளவு வாவிக்கரை வெயிலில் மிகையாகலாம். இந்நிலையில் போல்ற்றைத் தட்டித் திறந்து மேலும் சுடுதல் பேதைமை. நிறுத்தி, எஞ்சிய தோட்டாக்களை விலக்குதலே அறிவுடைமை.

இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் துவக்கையும் மருந்தையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தின. சட்டம் யார் வைத்திருக்கலாம் என்பதை வரையறுக்கும். எவ்வளவு மருந்து போதும் என்பதைக் கையே அறிதல் வேண்டும். கருவி வளர வளர மனிதனின் பொறுப்புக் குறைந்ததெனக் கருதுதல் தவறு. இடியனை இடித்த உழவனுக்கும் றைபிளை நிரப்பும் வேட்டைக்காரனுக்கும் வேறுபாடு ஒன்றே: பின்னவனுக்குக் கருவி முன்கூட்டியே உரைக்கிறது. அதனைச் செவிமடாதவன், வளர்ச்சியின் பயனைத் தானே துறந்தவனாவான்.