வலையமைப்புப் பணிக்கான சான்றிதழ்ப் பயிற்சி: கவரைப்பேட்டை வட்டாரம்

கணினி, கேமரா, இயந்திரம் என எதுவானாலும் கம்பியாலோ அலையாலோ ஒன்றோடொன்று இணைக்கவும், இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவும் கற்றுத்தரும் குறுகிய காலப் படிப்பே வலையமைப்புச் சான்றிதழ்ப் பயிற்சி. பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் இதை முடித்துவிடலாம். சமுதாயக் கல்லூரி இதற்கு ஒரு வழி, ஐ.டி.ஐ.யில் உள்ள கணினி வன்பொருள், வலையமைப்புப் பராமரிப்புப் பிரிவு இன்னொரு வழி.

கவரைப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னை–கூடூர் ரயில்பாதையில் பொன்னேரியைத் தாண்டி வரும் ஊர். 1995இல் தொடங்கிய ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரியால் பலருக்கும் தெரிந்த பெயர். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை; சற்று உள்ளே தள்ளி தேர்வாய் கண்டிகை சிப்காட். நான்காண்டு பொறியியல் படிக்க வசதியில்லாத பிள்ளைகளும் இதே ஊர்களில்தான் வளர்கிறார்கள்.

அவர்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்து வந்ததுதான் சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் இதன் முன்னோடி 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கியது. இந்தியாவில் முதல் முயற்சி 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்தினுடையது. அடுத்த ஆண்டே சென்னையில் ஒன்று தொடங்கியது. இந்த இயக்கத்தைத் தமிழ்நாடு முழுதும் பரப்பியவர் இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ். கைத்தொழிலோடு பேச்சும் பழக்கமும் சேர்ந்தால்தான் வேலை நிலைக்கும் என்று கருதி, வாழ்க்கைத் திறனையும் பணியிடப் பயிற்சியையும் பாடத்தின் உள்ளேயே வைத்தார். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்து, சான்றிதழுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொடுத்தது.

வலையமைப்புப் பாடத்தின் உலகளாவிய வடிவம் 1997இல் தொடங்கிய சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியிலிருந்து வந்தது. அப்போது பள்ளிகளுக்கு வலையமைப்புக் கருவிகள் போய்ச் சேர்ந்தன, பழுது பார்க்க ஆளில்லை. அந்தப் பள்ளி மாணவர்களுக்கே வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த எண்ணம்தான் பாடத்திட்டமாக வளர்ந்தது. அதன் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். ரூட்டர் வாங்க முடியாத பயிற்சிக்கூடத்திலும் பழைய கணினியின் திரையில் பத்து ரூட்டர்களை இணைத்துப் பார்க்கலாம்.

திரையில் பழகியது மட்டும் போதாது. கற்பவர் முதலில் தொட வேண்டியது கேபிளைத்தான். மேலுறையை உரித்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியபடி. முறுக்கைப் பிரித்து, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரிசைப்படுத்தி, நுனியை ஒரே சீராக வெட்டி, ஆர்ஜே-45 கனெக்டரில் செருகிக் கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி ஏன் புகுகிறது என்று புதியவருக்குப் புரியாது. பச்சையைப் பச்சைக்குப் பக்கத்திலேயே வைத்து, இரு முனையிலும் அப்படியே அழுத்திவிடுவார். லேன் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனாலும் கேபிள் தவறானது. 3, 6 ஆகிய ஊசிகளில் போகும் சமிக்ஞைக்கு ஒரே ஜோடியின் இரு கம்பிகள் வேண்டும். அவை ஒன்றையொன்று சுற்றியிருந்தால்தான் வெளியிரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி, மறுமுனையில் கழிந்துபோகும்.

வீட்டில் இந்தத் தவறு வெளியே தெரியாமலே போகலாம். சிப்காட் கூடத்தில் தெரிந்துவிடும். உருக்கு உலையும் பெரிய மோட்டாரும் வெல்டிங்கும் ஓடும் இடத்தில் மின்காந்த இரைச்சல் அதிகம். மோட்டாரை இயக்கியதும் கேமராப் படம் உறைந்து நின்றால், சுவிட்சைக் குறைசொல்லும் முன் கேபிள் எந்த வழியாகப் போகிறது, மின்கேபிளோடு ஒரே தட்டில் கிடக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை; நீண்ட கூடங்களில் அதைத் தாண்டும் இடத்துக்கும் இரைச்சல் மிகுந்த இடத்துக்கும் கண்ணாடி இழை. எடைமேடை, வருகைப்பதிவுக் கருவி, இயந்திரத்தை இயக்கும் பி.எல்.சி. எல்லாமே இன்று வலையமைப்பில் சேர்கின்றன. ஆகவே இந்த வட்டாரத்துப் பயிற்சி சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் கணினி அலுவலகங்களை மட்டும் குறிவைப்பது பெருங்குறை. தொழிற்சாலைத் தளத்தைப் பாடத்தில் சேர்க்காத சான்றிதழ், வாசலில் இருக்கும் வேலையைத் தவறவிடுகிறது.

கேபிளுக்கு அடுத்தது முகவரிக் கணக்கு. ஐபிவி4 முகவரியில் 32 பிட்டுகள். அதில் 26 பிட்டுகளை வலையமைப்புக்கு ஒதுக்கினால் 62 கருவிகளுக்கு இடம் கிடைக்கும். நோட்டில் எழுதி எழுதித்தான் இது கைக்கு வரும்.

பலரும் எட்ட நினைக்கும் அடுத்த படி சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. சான்றிதழ். 2020 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள 200-301 தேர்வு 120 நிமிடம். எழுத முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. கட்டணம் 300 டாலர். சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெருந்தொகை. கல்லூரியோ நிறுவனமோ கட்டணத்தை ஏற்காவிட்டால் பயிற்சி முடித்த பலர் தேர்வறை வரை போவதே இல்லை. மொழி இன்னொரு சுவர். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் வலையமைப்பு, நெறிமுறை, வடமிடல் எல்லாவற்றையும் தமிழில் சொல்லித்தருகிறது. தேர்வோ தமிழில் இல்லை. நெறிமுறை என்று படித்தவர் புரோட்டகால் என்று கேட்டதும் தடுமாறுகிறார். அவருக்கு விஷயம் தெரியும், பெயர்தான் தெரியாது. இரு சொல்லையும் ஒரே பலகையில் எழுதிக் கற்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் அந்தத் தடுமாற்றம் சில வாரங்களில் தீரும்.