சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938

சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் என்பது சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த சட்டமாகும்.

பின்னணி

1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. விளைச்சலை விற்றும் வட்டி கட்ட முடியவில்லை. அமீனா ஜப்திக்கு வந்தார். 1936ஆம் ஆண்டின் கடன் சமரசச் சட்டம், கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் வாரியத்தின் முன் பேசித் தொகையைக் குறைத்துக்கொள்ள வழி செய்தது. ஆனால் கடன் கொடுத்தவர் இசையாவிட்டால் சமரசம் இல்லை.

முக்கிய விதிகள்

1938ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இசைவை எதிர்பார்க்கவில்லை. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுதும் தள்ளுபடியானது. அசலாகவோ வட்டியாகவோ அசலைப் போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. எடுத்துக்காட்டாக, 500 ரூபாய் கடனுக்கு வட்டியாகவே 700 ரூபாய் கட்டியவர், இருமடங்கை எட்ட மீதி 300 ரூபாய் தந்தால் போதும். பிந்தைய கடன்களுக்கு 5 விழுக்காடு தனிவட்டி கணக்கிடப்பட்டது. தீர்ப்பாகிவிட்ட கடனையும் இவ்வாறு குறைக்க நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அதுவரை நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கவும் கோரலாம்.

விலக்குகளும் குறைகளும்

கூட்டுறவுச் சங்கக் கடன்களுக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. வேறு சொத்தில்லாத பெண்ணுக்கு வரவேண்டிய, அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாத கடனும் விலக்கப்பட்டது. கொடுத்த பணமே அவருக்கு வாழ்வாதாரம். நிலத்தில் உரிமை உள்ளவரே ‘விவசாயி’ எனப்பட்டதால், அந்நிலத்தில் உழைத்த கூலியாட்களின் கடன் அப்படியே நின்றது.